163842 என்ற எண்ணை மட்டும் நம்பினால்

எம்ஆர்ஐ படத்திலிருந்து மூளைப் புறணியின் மேற்பரப்பை முக்கோண வலையாகப் பின்னித் தருவது ஃப்ரீசர்ஃபர் மென்பொருள். அதோடு வரும் மாதிரி மூளையின் பெயர் எஃப்எஸ்ஆவரேஜ். அதன் ஒரு அரைக்கோளத்தில் 163842 கணுக்கள், அதாவது முக்கோணங்களின் முனைகள் சந்திக்கும் புள்ளிகள், உண்டு. அமெரிக்காவின் மனிதக் கனெக்டோம் திட்டத்தால் பரவலான எஃப்எஸ்-எல்ஆர் வலையின் அடர்த்தியான வடிவத்திலும் ஒரு அரைக்கோளத்துக்கு அதே 163842. ஏஃப்னி என்ற இன்னொரு மூளைப் பட மென்பொருளோடு வரும் சூமாவில், இருபது முக்கோண முகங்கள் கொண்ட ஐகோசஹெட்ரனின் ஒவ்வொரு விளிம்பையும் 128 துண்டாகப் பிரிக்கச் சொன்னால் அங்கேயும் 163842. எண் ஒன்றாக இருந்தாலும் இவை மூன்றும் வேறு வேறு வலைகள். ஒன்றில் பார்வைப் புறணிக்குப் பக்கத்தில் இருக்கும் கணு எண், இன்னொன்றில் முற்றிலும் வேறோர் இடத்தில் இருக்கலாம். ஒன்றின் தரவை இன்னொன்றின் மேல் ஏற்றினால் எந்த மென்பொருளும் பிழை காட்டாது. கோப்பின் நீளம் சரியாக இருக்கும், நிறமும் விழும், படமும் பார்க்க நன்றாகவே வரும்.

பல மூளைப் படக் கருவிகளை ஒன்றோடொன்று கோத்துக் குழு ஆய்வு செய்யும்போது வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இப்படிச் சத்தம் போடாதவை. ஒவ்வொரு கருவியும் தன் எல்லைக்குள் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, கோளாறெல்லாம் கைமாற்றும் இடத்தில். ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது மூன்று: ஆயத்தளம் (எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறோம்), கணுக்களின் வரிசை, தரவு எவ்வளவு மழுக்கப்பட்டிருக்கிறது (பக்கத்து மதிப்புகளோடு சேர்த்துச் சராசரியாக்கப்பட்டிருக்கிறது) என்ற கணக்கு. இந்த மூன்றில் எது எந்தக் கருவியின் பொறுப்பு என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், ஆறு மாதம் கழித்து முழுவதையும் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.

டர்பன், கேப் டவுன், ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகங்களில் முதுகலை, முனைவர் பட்டத்துக்கு மூளைப் படங்களோடு உட்காரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வசதிக்குப் பெரிய குறை இல்லை. கேப் டவுன் ரோஸ்பேங்கில் உள்ள தேசிய உயர்திறன் கணினி மையத்தின் லெங்காவ் என்ற பெருங்கணினி கல்வி ஆய்வுகளுக்குக் கிடைக்கிறது. லெங்காவ் என்றால் செட்ஸ்வானா மொழியில் சிவிங்கிப்புலி. ஏஃப்னியில் உள்ள ஃபாட்கேட் கருவித் தொகுப்பு பற்றிய 2013ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பால் டெய்லர் அப்போது மியூசன்பர்க்கிலும் கேப் டவுன் பல்கலைக்கழகத்திலும் இருந்தவர். ஆக இந்தக் கருவிகள் நமக்கு அந்நியமானவை அல்ல. எதை எதோடு சேர்க்கலாம், எங்கே கவனிக்க வேண்டும் என்பதைத் தமிழில் சொல்லி வைக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

மடித்த சேலையில் மைப்புள்ளி

மேற்பரப்பில் ஆய்வு செய்வது எதற்கு? முப்பரிமாணப் பெட்டியாகவே, அதாவது வாக்ஸல்களாகவே, கணக்கிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. காவடி நாளுக்கென்று மடித்து வைத்த பட்டுச் சேலையின் மேல் ஒரு துளி மை விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மை அடுத்தடுத்த மடிப்புகளுக்கும் இறங்கும். சேலையை விரித்துப் பார்த்தால் ஒரு முழ இடைவெளியில் கறை கறையாகத் தெரியும். உண்மையில் விழுந்தது ஒரே துளி.

பெருமூளைப் புறணியும் மடித்த துணிதான். இரண்டு அரைக்கோளமும் சேர்த்துச் சுமார் 2000 சதுர சென்டிமீட்டர் பரப்பு. தடிமன் சராசரியாக இரண்டரை மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் மறைந்து கிடக்கிறது. ஒரு பள்ளத்தின் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே நேர்க்கோட்டில் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். புறணியின் வழியே நடந்துபோனால் அதுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர். மையப் பள்ளத்தின் முன்சுவர் இயக்கத்துக்கு, பின்சுவர் தொடு உணர்வுக்கு. வாக்ஸல் பெட்டியில் 8 மில்லிமீட்டர் மழுக்கினால் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும். மேற்பரப்பில் மழுக்கினால் மை துணியின் ஓட்டத்தில் மட்டும் பரவும்.

இதற்கு ஒரு வரம்பும் உண்டு. மூளையின் செயல்பாட்டைப் படம் எடுக்கும் ஃபங்ஷனல் எம்ஆர்ஐயின் வாக்ஸல் 3 மில்லிமீட்டர் என்றால், ஒரே வாக்ஸல் புறணியின் முழுத் தடிமனையும் அடைத்துக்கொண்டு எதிர்ச் சுவரையும் தொட்டிருக்கும். படம் எடுக்கும்போதே கலந்துவிட்டதை மேற்பரப்பு பிரித்துத் தராது, மேலும் கலக்காமல் காக்கும், அவ்வளவே. புறணிக்கு அடியில் உள்ள அடித்திரள்கள், தாலமஸ், சிறுமூளை ஆகியவை இந்த மேற்பரப்பில் வராது. எச்ஐவி பற்றிய ஆய்வுகள் இங்கே நிறைய நடக்கின்றன, அவற்றில் அடித்திரள்கள் முக்கியம். மேற்பரப்பு ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு மூளை முழுவதையும் பார்த்துவிட்டோம் என்று எழுதிவிடக் கூடாது.

மேற்பரப்பு உருவாகும் இடம்

பாஸ்டனில் புரூஸ் ஃபிஷ்ல், ஆண்டர்ஸ் டேல் ஆகியோர் தொடங்கிய ஃப்ரீசர்ஃபர்தான் பெரும்பாலான வேலைகளுக்கு மேற்பரப்பைத் தருகிறது. அதன் அடிப்படையை விளக்கும் கட்டுரைகள் 1999இல் வந்தன. பிறகு அதை வாங்கிப் பயன்படுத்துவது ஏஃப்னியும் சூமாவும் ஆகலாம், ஆக்ஸ்ஃபர்டின் எஃப்எஸ்எல் ஆகலாம், கனெக்டோம் வொர்க்பெஞ்ச் ஆகலாம், இவற்றையெல்லாம் ஒரே சங்கிலியாகக் கோத்துத் தரும் எஃப்எம்ஆர்ஐப்ரெப் ஆகலாம். அடித்தளம் மட்டும் பெரும்பாலும் ஒன்றே: மூளையின் அமைப்பைக் காட்டும் டி1 வகை எம்ஆர்ஐ படம் ஒன்று, அதன்மேல் ரீகான்-ஆல் என்ற கட்டளை.

ரீகான்-ஆல் படத்தை 1 மில்லிமீட்டர் கனங்களாக, 256 பக்கம் கொண்ட பெட்டியாக மாற்றுகிறது. மண்டையோட்டை நீக்கி, வெண்பொருளைப் பிரித்து, அதன் எல்லையில் முக்கோண வலை பின்னி, ஓட்டைகளை அடைத்து, வெளி எல்லை வரை விரிக்கிறது. வெண்பொருளின் எல்லை வெள்ளைப் பரப்பு, வெளி எல்லை பையல் பரப்பு, இரண்டுக்கும் இடைவெளி தடிமன். கடைசியாக அந்த வலையை 100 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோளமாக ஊதி, மடிப்புகளின் வடிவத்தை வைத்து எஃப்எஸ்ஆவரேஜ் கோளத்தோடு பொருத்துகிறது. இந்தக் கடைசிக் கோளக் கோப்பு, ஸ்ஃபியர்-ரெக், பின்னால் எல்லாவற்றுக்கும் சாவி. வேறு எதை இழந்தாலும் இதை இழக்கக் கூடாது.

ஒரு ஆளுக்கு ஏறத்தாழ ஆறிலிருந்து பத்து மணி நேரம் பிடிக்கும். தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு உடனே தோன்றுவது லோட்ஷெடிங். 2022, 2023இல் நாளுக்குப் பல தடவை, இரண்டு மணி நான்கு மணி நேரத் துண்டுகளாக மின்சாரம் போனது. 2024இலிருந்து நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் நகராட்சிக் கம்பியில் கோளாறு வந்தால் கதை அதேதான். நடுவில் கணினி அணைந்தால் ரீகான்-ஆல் இரண்டு சிக்கல்களை விட்டுச் செல்லும். முதலாவது, அந்த ஆளின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் இஸ்ரன்னிங் என்ற சிறு கோப்பு தங்கிவிடும். மறுபடி ஓட்டினால் 'ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது' என்று சொல்லி நின்றுவிடும். வேறெங்கும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை அழித்தால் போதும். இரண்டாவது இன்னும் கெடுதலானது: மின்சாரம் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லும் மேக்-ஆல் வழி, கோப்பின் நேரத்தைப் பார்த்துத்தான் 'இது முடிந்தது' என்று முடிவு செய்கிறது. பாதிக் கோப்பு புதிதாகத் தெரிவதால் அதைத் தாண்டிப் போய்விடும். ஆகவே அணைந்த நேரத்தை ஒட்டிய கோப்புகளை அழித்துவிட்டுத் தொடருங்கள். ஆறேழு ஆட்களே என்றால் முதலிலிருந்து ஓட்டுவது நல்லது. பதிவுக் கோப்பின் கடைசி வரியில் 'பிழையின்றி முடிந்தது' என்ற பொருளில் வரும் ஆங்கில வாசகம் இருக்கிறதா என்று எல்லோருக்கும் ஒரே கட்டளையில் தேடிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

லெங்காவில் ஓட்டினால் வீட்டு மின்சாரத்தின் தொல்லை இல்லை. ஒரு இயந்திரத்தில் 24 கோர் இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு கோர் என்று கொடுத்து இருபது பேரை ஒரே நேரத்தில் ஓட்டுவது, ஒரே ஆளுக்கு இருபது கோர் கொடுப்பதைவிட நிச்சயம் வேகம். ரீகான்-ஆலின் பெரும்பகுதி வேலையைப் பல கோர்களுக்குப் பங்கு போட முடியாது, அதனால்தான்.

ஓடி முடிந்த மேற்பரப்பு சரியா என்பது வேறு கேள்வி. இதை நேரில் பார்க்காமல் விடுபவர்கள்தான் அதிகம். இங்கே கிடைக்கும் நோயாளிகளின் படங்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. எச்ஐவியால் வரும் வெண்பொருள் மாற்றங்கள், கிழக்குக் கேப், குவாசூலு-நட்டால் பக்கம் மருத்துவமனைகளில் காணும் நாடாப்புழுக் கட்டிகள் இவையெல்லாம் டி1 படத்தில் கருமையாகத் தெரியும். புறணியை ஒட்டி அப்படி ஒரு கருமை இருந்தால் ஃப்ரீசர்ஃபர் அதைச் சாம்பல்பொருள் என்று எடுத்துக்கொண்டு வெள்ளைப் பரப்பை உள்ளே குழித்துவிடும். அந்த இடத்தில் புறணி 4 மில்லிமீட்டர் தடிமன் என்று கணக்கு வரும். நோயாளிக் குழுவில் மட்டும் இப்படி நடந்தால், 'நோயாளிகளின் புறணி தடித்திருக்கிறது' என்ற முடிவு தானாக முளைக்கும். வெண்பொருள் கோப்பில் அந்தக் குழியை, ஃப்ரீசர்ஃபரின் படம் பார்க்கும் கருவியான ஃப்ரீவியூவில் கையால் நிரப்பி, அங்கிருந்து மறுபடி ஓட்ட வேண்டும். மண்டையோட்டின் உறை ஒட்டிக்கொண்டு பையல் பரப்பு வெளியே பிதுங்குவது இன்னொரு வழக்கமான கோளாறு.

பச்சிளங்குழந்தைகளுக்கு இந்த வழி செல்லவே செல்லாது. பார்ல் வட்டாரத்தில் நடக்கும் டிராக்கன்ஸ்டீன் குழந்தை நல ஆய்வில் பிறந்து சில வாரமே ஆன குழந்தைகளையும் படம் எடுத்திருக்கிறார்கள். அந்த வயதில் டி1 படத்தின் நிறமே தலைகீழ், சாம்பல்பொருள்தான் வெண்பொருளைவிடப் பிரகாசம். பெரியவர்களுக்கான ரீகான்-ஆலைப் போட்டால் உள்ளும் வெளியும் மாறிப்போகும். அதற்குத் தனியாகக் குழந்தைகளுக்கான ஃப்ரீசர்ஃபர் இருக்கிறது.

எந்த மூலையிலிருந்து அளக்கிறோம்

முதல் கைமாற்றம் ஆயத்தளம். ஸ்கேனர் தன் மையத்திலிருந்து அளக்கிறது. ஃப்ரீசர்ஃபரின் மேற்பரப்புக் கோப்புகளோ 256 பெட்டியின் நடுவை மூலமாக வைத்து அளக்கின்றன. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை சி-ராஸ் என்பார்கள். தலை படுத்திருந்த இடத்தைப் பொறுத்து அது சில மில்லிமீட்டராகவும் இருக்கலாம், சென்டிமீட்டர் கணக்கிலும் இருக்கலாம். ஃப்ரீவியூ இதைத் தானே சரிசெய்து காட்டுவதால், கோப்பை வேறு கருவிக்குக் கொண்டுபோகும் வரை யாரும் கவனிப்பதில்லை. அங்கே போனதும் மேற்பரப்பு மூளையைவிட்டு நகர்ந்து நிற்கும். அதுவாவது நல்லது, கண்ணில் படும். இடைவெளி 3 மில்லிமீட்டர் என்றால்தான் ஆபத்து. கிட்டத்தட்டப் பொருந்தியதுபோல் தெரிந்துகொண்டே, ஒவ்வொரு கணுவும் பக்கத்து வெண்பொருளிலிருந்து மதிப்பை எடுத்துக்கொண்டிருக்கும்.

இதற்குமேல் இடம் வலம். ஏஃப்னி இடப்பக்கத்தைக் கூட்டல் குறியாக எண்ணும், ஃப்ரீசர்ஃபர் வலப்பக்கத்தை. நிஃப்டி என்ற மூளைப் படக் கோப்பு வடிவத்தின் தலைப்பகுதியில் சரியான தகவல் இருந்தால் எல்லாக் கருவியும் தானாக மாற்றிக்கொள்ளும். அந்தத் தலைப்பகுதியை நாமே எழுதிய சிறு மேட்லேப் நிரலோ, பழைய அனலைஸ் வடிவத்திலிருந்து வந்த மாற்றமோ கெடுத்திருந்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மூளை ஏறக்குறைய சமச்சீர், திருப்பிப் போட்டாலும் பொருத்தம் நன்றாகவே வரும்.

ஏஃப்னி பக்கம் போவதென்றால் சூமா மேக் ஸ்பெக் எஃப்எஸ் என்ற கட்டளைதான் பாலம். ரீகான்-ஆல் தந்தவற்றை மேற்பரப்புக்கான கிஃப்டி, படத்துக்கான நிஃப்டி வடிவங்களுக்கு மாற்றி, ஸ்கேனர் ஆயத்தளத்திலேயே வைத்து, சர்ஃப்வால் என்ற துணைப்படம் ஒன்றையும் தரும். அதில் நிஃப்டி விருப்பத்தை விடாமல் கொடுங்கள். பிறகு ஃபங்ஷனல் படத்தை அந்தத் துணைப்படத்தோடு பொருத்த வேண்டும். ஃப்ரீசர்ஃபருக்குள்ளேயே இருப்பவர்களுக்கு பிபிரெஜிஸ்டர் இருக்கிறது, அது வெள்ளைப் பரப்பின் எல்லையை வைத்துப் பொருத்துகிறது. முடிந்ததும் மின்காஸ்ட் என்ற கோப்பில் ஒரு எண் தரும். 0 என்றால் முழுப் பொருத்தம், 1 என்றால் பொருத்தமே இல்லை, 0.8ஐத் தாண்டினால் ஏதோ தவறியிருக்கிறது. அந்த எண்ணை எல்லோருக்கும் ஒரு பட்டியலாக எடுத்து, மோசமான ஐந்து பேரையாவது கண்ணால் பாருங்கள்.

இங்கே ஒரு வரிசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்: ஒருவரின் தரவு, முதலில் அவருடைய சொந்த மேற்பரப்பில்தான் இறங்க வேண்டும். எஸ்பிஎம் என்ற மென்பொருள் மூலம் ஏற்கெனவே பொது மாதிரிக்கு இழுத்துப் பொருத்திவிட்ட படத்தை நேரே எஃப்எஸ்ஆவரேஜ் மேல் ஏற்றுவது கட்டுரைகளில் அடிக்கடி தென்படுகிறது. படம் காட்டுவதற்கு அது போதும். புள்ளியியல் கணக்குக்குக் கூடாது. வாக்ஸல் முறையில் பொருத்தியதன் பிழை முழுவதும் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது, மேற்பரப்பு அதற்கு மேல்பூச்சு மட்டும் பூசுகிறது.

இறக்கும்போது வெள்ளைப் பரப்புக்கும் பையல் பரப்புக்கும் நடுவே பாதித் தூரத்தில் ஒரு புள்ளியை எடுக்கலாம், அல்லது இடைப்பட்ட தூரத்தில் பத்துப் புள்ளிகளின் சராசரி எடுக்கலாம். 3 மில்லிமீட்டர் வாக்ஸலில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு வராது. சராசரி எடுத்தால் பையல் எல்லையில் ஓடும் இரத்த நாளத்தின் வலுவான சமிக்ஞையும் கொஞ்சம் கூடவே வரும்.

கணு வரிசை என்ற ஒப்பந்தம்

அடுத்ததுதான் இதயம். ஒவ்வொருவரின் சொந்த மேற்பரப்பிலும் கணுக்களின் எண்ணிக்கை வேறு. ஒருவருக்கு 121000 என்றால் இன்னொருவருக்கு 138000. இவர்களைக் கணுவுக்குக் கணு ஒப்பிட வேண்டும் என்றால் பொது வலை வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டும் கேட்பதற்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் தத்துவம் எதிரெதிர்.

ஃப்ரீசர்ஃபர் தரவை நகர்த்துகிறது. ஒருவரின் மதிப்புகளை ஸ்ஃபியர்-ரெக் வழியாக எஃப்எஸ்ஆவரேஜ் கணுக்களுக்கு இடைச்செருகி (பக்கத்து மதிப்புகளிலிருந்து கணித்து) கொண்டுபோய் வைக்கிறது. அதன்பிறகு அவருடைய சொந்த வடிவம் கணக்கில் இல்லை.

சூமா வலையை நகர்த்துகிறது. அதே ஸ்ஃபியர்-ரெக் கோளத்தின் மேல் பொது வலையை விரித்து, அந்த வலையின் ஒவ்வொரு கணுவும் அவருடைய சொந்த மூளையில் எங்கே விழும் என்று கண்டு, அவர் மேற்பரப்பையே புதிய கணுக்களால் மறுபடி பின்னுகிறது. வடிவம் அவருடையது, எண்ணிட்ட வரிசை எல்லோருக்கும் பொது. பிறகு ஃபங்ஷனல் தரவை நேரே இந்தப் புதுவலையில் இறக்கலாம், நடுவில் இன்னொரு இடைச்செருகல் வேண்டியதில்லை. இழப்பு ஒரு படி குறைவு என்பதால் ஃபங்ஷனல் வேலைக்கு இதுவே மேல். தடிமன் போன்றவற்றுக்கு ஃப்ரீசர்ஃபரின் சொந்த வழி போதும், அதற்கான புள்ளியியல் கருவிகளும் அங்கேயே கையருகில் இருக்கின்றன.

இந்த வலைகளின் கணக்கு எளிது. ஐகோசஹெட்ரனின் விளிம்பை எத்தனை துண்டாக்குகிறோமோ அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பத்தால் பெருக்கி, இரண்டைக் கூட்ட வேண்டும். சூமாவின் எஸ்டிடி-141 வலைக்கு 198812, எஸ்டிடி-60க்கு 36002. எஃப்எஸ்ஆவரேஜுக்கு 128 துண்டு, அதாவது 163842. அதன் தம்பிகளான எஃப்எஸ்ஆவரேஜ்-6க்கு 40962, எஃப்எஸ்ஆவரேஜ்-5க்கு 10242. 3 மில்லிமீட்டர் ஃபங்ஷனல் தரவுக்கு எஸ்டிடி-60ஓ எஃப்எஸ்ஆவரேஜ்-6ஓ தாராளம். பெரிய வலையைப் போட்டால் தகவல் கூடாது, வட்டு மட்டும் நிறையும்.

எஃப்எஸ்-எல்ஆர் தனி வகை. அதன் சிறப்பு, இடது அரைக்கோளத்தின் ஒரு கணு எண்ணும் வலது அரைக்கோளத்தின் அதே எண்ணும் ஒத்த இடத்தில் இருக்கும்படி அமைந்திருப்பது. அதன் அடர்த்தி குறைந்த, வழக்கமாகப் பயன்படும் வடிவத்தில் ஒரு பக்கத்துக்கு 32492 கணுக்கள். புறணி இல்லாத நடுச்சுவரை நீக்கிவிட்டு இடதில் 29696, வலதில் 29716, அடியில் உள்ள பகுதிகளின் வாக்ஸல்கள் 31870 என்று சேர்த்து 91282 புள்ளிகளை ஒரே கோப்பில் கட்டி வைப்பதே சிஃப்டி. எஃப்எஸ்ஆவரேஜிலிருந்து இங்கே வர இரண்டு கோளங்கள் வேண்டும்: கிளம்பும் வலையின் கோளம் ஒன்று, எஃப்எஸ்ஆவரேஜோடு பொருந்தும்படி உருமாற்றிய எஃப்எஸ்-எல்ஆர் கோளம் ஒன்று. உருமாற்றாத கோளத்தைக் கொடுத்தாலும் வொர்க்பெஞ்ச் மறுக்காமல் வேலையை முடித்துத் தரும், முடிவு மட்டும் நகர்ந்திருக்கும். கோப்புப் பெயரில் 'டிஃபார்ம்ட் டு எஃப்எஸ்ஆவரேஜ்' என்று இருக்கிறதா என்பதைப் பார்த்து எடுங்கள்.

அளவில்லாமல் மழுக்குவது

மழுக்கும் அளவை எல்லோரும் ஒரே வார்த்தையில் '6 மில்லிமீட்டர்' என்று எழுதிவிடுகிறார்கள். ஃப்ரீசர்ஃபரில் 6 என்றால், இருக்கிற தரவை 6 கொண்டு மழுக்கு என்று பொருள். ஏஃப்னி-ப்ராக் நிரல் மேற்பரப்பு ஆய்வில் 6 என்றால், தரவு மொத்தமாக 6 ஆகும் வரை மழுக்கு என்று எடுத்துக்கொள்கிறது. தரவுக்குள் ஏற்கெனவே 4 மில்லிமீட்டர் மழுக்கல் இருந்தால், முதல் வழியில் கிடைப்பது 36ஐயும் 16ஐயும் கூட்டிய 52இன் வர்க்கமூலம், ஏறக்குறைய 7.2. இரண்டாவதில் 6தான். ஒரு குழுவை ஒரு வழியிலும் இன்னொரு குழுவை இன்னொரு வழியிலும் ஓட்டிவிட்டு ஒப்பிட்டால், கிடைக்கும் வித்தியாசத்தில் ஒரு பங்கு மென்பொருளுடையது.

அதைவிட வழக்கமான தவறு, எஃப்எஸ்எல்லின் ஃபீட் வழியாக வாக்ஸலிலேயே மழுக்கிவிட்டு, மேற்பரப்பில் இறக்கி, அங்கே மறுபடி மழுக்குவது. ஃபீட் திரையில் 5 மில்லிமீட்டர் முன்கூட்டியே நிரம்பியிருப்பதால் கவனக்குறைவில் நடந்துவிடும். மடித்த சேலையில் மை ஏற்கெனவே இறங்கிவிட்டது, இனி விரித்து வைத்துப் பயனில்லை. எஃப்எம்ஆர்ஐப்ரெப் மழுக்காமல் தருகிறது, அந்த வகையில் நல்ல அண்டைவீட்டார்.

புள்ளியியலுக்குள் நுழையும் வாசல்

நிஃப்டி-1 வடிவத்தில் ஒரு பக்க நீளத்துக்கு 32767தான் உச்சம். 163842 கணுக்களை ஒரே வரிசையாக அதற்குள் எழுத முடியாது. ஃப்ரீசர்ஃபர் தனக்கு மட்டும் புரியும் ஒரு குறுக்கு வழியில் எழுதி வைக்கும், மற்றக் கருவிகள் அதைத் திறந்தால் குழம்பும். ரீஷேப் விருப்பம் கொடுத்தால் 27307 பெருக்கல் 1 பெருக்கல் 6 என்ற பெட்டியாக மடித்துத் தரும், அப்போது எஃப்எஸ்எல்லின் புள்ளியியல் சோதனை நிரலான ரேண்டமைஸ் படிக்கும். படிக்கும் என்பதற்காகக் கொத்துக் கணக்கையும், அதாவது அடுத்தடுத்து ஒட்டி வரும் திரள்களின் கணக்கையும், அதனிடமே விடக்கூடாது. அந்தப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்து வாக்ஸல்கள் மூளையில் பக்கத்துப் பக்கத்துக் கணுக்கள் அல்ல. கணுவுக்குக் கணு கணக்கிடுவது சரி, கொத்துகளையும், அதுபோலவே அண்டையைப் பார்க்கும் டிஎஃப்சிஇ கணக்கையும் மேற்பரப்பின் அண்டையை அறிந்த பாம் (PALM) போன்ற கருவியில் செய்யுங்கள்.

ஆள் வரிசை இன்னொரு பள்ளம். வேறு கருவியில் கோப்புகளை அடுக்கிவிட்டு ஃப்ரீசர்ஃபரின் எஃப்எஸ்ஜிடி பட்டியலோடு சேர்க்கும்போது, அகர வரிசையில் 'சப்-10', 'சப்-2'க்கு முன்னால் வந்துவிடும். பட்டியலிலோ எண் வரிசை. ஆட்களின் எண்ணிக்கை ஒன்றே என்பதால் மென்பொருளுக்கு ஐயமே வராது. எல்லா எண்ணையும் 002, 010 என்று மூன்றிலக்கமாக எழுதினால் இந்த வியாதியே கிடையாது.

ஃப்ரீசர்ஃபர் புள்ளியியல் முடிவாகத் தரும் சிக் கோப்பில் இருப்பது டி மதிப்பும் அல்ல, இசட் மதிப்பும் அல்ல. பி மதிப்பின் பத்தடிமான மடக்கை, குறி மாற்றியது. 1.3 என்றால் 0.05, 3 என்றால் 0.001. இதை வொர்க்பெஞ்சில் திறந்து, 'இசட் 3' என்று படத்துக்குக் கீழே எழுதிவிடுவது எளிதில் நடக்கும்.

கொத்து அளவில் திருத்தும்போது ஆரம்ப வரம்பு 0.001ஐவிடத் தளர வேண்டாம். 2016இல் எக்லுண்ட், நிக்கோல்ஸ், நட்சன் ஆகியோர் காட்டியது நினைவிருக்கும்: 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய்க் கண்டுபிடிப்பு, சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போனது. மேற்பரப்புக்கும் இதே எச்சரிக்கையை க்ரீவும் ஃபிஷ்லும் 2018இல் ஆராய்ந்து, வரிசைமாற்றுச் சோதனையைப் பரிந்துரைத்தார்கள். ஃப்ரீசர்ஃபரின் ஜிஎல்எம்ஃபிட்-சிம் அதைச் செய்யும். இரண்டு அரைக்கோளத்தையும் தனித்தனியாக ஓட்டுவதால் டூ-ஸ்பேசஸ் விருப்பமும் தேவை. இல்லாவிட்டால் ஒரே பரிசுச்சீட்டை இரண்டு தடவை வாங்கியதற்குக் கணக்குச் சொல்லாத மாதிரி.

டர்பனும் கேப் டவுனும் சேரும்போது

இரண்டு ஊர்த் தரவைச் சேர்ப்பதென்றால் மென்பொருளின் பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். 2012இல் ப்ளாஸ் ஒன் இதழில் வந்த ஓர் ஆய்வில், ஃப்ரீசர்ஃபரின் பதிப்பு மாறியதாலேயே பகுதிகளின் கன அளவில் சராசரி 8.8 சதவீதமும் தடிமனில் 2.8 சதவீதமும் வேறுபாடு கண்டார்கள். பல நோய்களில் நாம் தேடும் வித்தியாசமே அந்த அளவுதான். ஒரே பதிப்பை ஒரு கன்டெய்னருக்குள் அடைத்து இரண்டு இடத்திலும் அதையே ஓட்டுவது வழி. அதற்குமேல் ஸ்கேனர் வேறுபாட்டுக்கு காம்பேட் போன்ற சரிக்கட்டல் வேண்டும். ஆனால் ஒரு ஊரில் எல்லோரும் நோயாளிகள், இன்னொரு ஊரில் எல்லோரும் ஆரோக்கியமானவர்கள் என்றால் எந்தச் சரிக்கட்டலும் உதவாது.

தனிநபர் தகவலைக் காக்கும் தென்னாப்பிரிக்காவின் போபியா சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது. அதன்படி உடல்நலத் தகவல் சிறப்புப் பாதுகாப்புக்குரியது. டி1 படத்தில் முகத்தை மறுபடி வார்த்தெடுக்க முடியும். பொது வலைக்கு மாற்றிய மேற்பரப்புத் தரவில் முகம் இல்லை, கோப்பும் சிறிது. நெறிக்குழுவிடம் அனுமதி கேட்கும்போது இந்த வேறுபாட்டை விண்ணப்பத்தில் எழுதுவது பயன் தரும். முகத்தை அழித்த பிறகு ரீகான்-ஆல் ஓட்டுவதானால், அழிக்கும் கருவி நெற்றிப்புற மூளையின் அடியையும் சேர்த்து வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெட்டியிருந்தால் அழிக்காத படத்தில் மேற்பரப்பை உருவாக்கி, மேற்பரப்பை மட்டும் அனுப்ப வேண்டும்.

சங்கிலி முழுவதையும் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. உண்மைத் தரவை ஓட்டுவதற்கு முன், ஒருவருடைய படத்தின் ஒவ்வொரு வாக்ஸலிலும் அந்த வாக்ஸலின் முன்-பின் ஆயத்தையே தரவாக எழுதி, இறக்கம் முதல் கடைசி வலை வரை அதே கட்டளைகள் வழியாக அனுப்புங்கள். முடிவில் நெற்றியிலிருந்து பிடரி வரை நிறம் வழுவழுவென்று மாறிக்கொண்டே போக வேண்டும். உப்பும் மிளகும் தூவியதுபோல் சிதறினால் கணு வரிசை கெட்டிருக்கிறது. முழுதாக நகர்ந்து நின்றால் வலை மாறியிருக்கிறது. பள்ள ஆழக் கோப்பையும் அப்படியே அனுப்பி, மாதிரி மூளையின் பள்ள ஆழத்தோடு ஒட்டுறவு பாருங்கள்.

இடம் வலத்தை மட்டும் இந்தச் சோதனை பிடிக்காது. அதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் மீனெண்ணெய் மாத்திரையோ வைட்டமின் ஈ மாத்திரையோ போதும். ஸ்கேனுக்கு முன் வலது நெற்றிப்பொட்டில் ஒட்டும் நாடாவால் ஒட்டிவிட்டால், டி1 படத்தில் பளிச்சென்ற ஒரு புள்ளியாகத் தெரியும். மாத்திரை ஒட்டிய படத்தை மண்டையோட்டை நீக்குவதற்கு முன் சூமாவிலும் வொர்க்பெஞ்சிலும் மேற்பரப்போடு சேர்த்துத் திறந்து, புள்ளி எந்த அரைக்கோளத்தின் பக்கம் நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.